முதல் மழைத் தண்ணீர்

உடையார்கட்டு,
2024 செப்டம்பர் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் அவ்வப்போது கோபித்துக்கொள்கிறது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று அம்மா கேட்கச் சொன்னா. நேற்றும் கேட்கச் சொன்னா.

"போன் எடுத்தால் ஓம், இல்லை, ம். இதைக் கேக்கவோ நான் டோகாவில இருந்து எடுக்கிறன்? கடிதமா எழுது" என்று போன கிழமை பேசினீர்கள். அதனால் ஈமெயிலில் கடிதம் போலவே எழுதுகிறேன். எனக்குக் கதைக்கத்தான் வராது. எழுதத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

அண்ணா, எனக்கு வேலை கிடைத்துவிட்டது! எங்கள் பெண்கள் பால் கூட்டுறவுச் சங்கம் பிரதான வீதியோரம் ஏசி இல்லாமலே தயிரும் யோகட்டும் செய்கிற நிலையம் கட்டுகிறது அல்லவா? அதற்குப் பசுமைக் கட்டடச் சான்றிதழ் எடுக்க வேண்டும் என்று தலைவி சுதர்சினி அக்கா பிடிவாதமாக நிற்கிறா. மின்சாரமும் தண்ணீரும் எவ்வளவு குறைவாகச் செலவாகின்றன என்று பார்த்துக் கொழும்பிலிருந்து வந்து புள்ளி போடுவார்கள். அந்தப் புள்ளிகளைக் கவனிப்பதும் மழைநீர்க் குழாய்களை வரைவதும்தான் என் வேலை. தங்கத் தரம் கிடைத்தால் பளையிலும் இதுபோல ஒன்று கட்டுவார்களாம். அதை வரைவதிலிருந்து முடிப்பதுவரை முழுப் பொறுப்பும் எனக்காம். அறிவியல் நகர் கம்பசில் படித்ததெல்லாம் இதற்குத்தானோ என்று இரவில் தூக்கம் வருகுதில்லை.

சைக்கிள் விட இடம் வைத்தாலும் ஒரு புள்ளி உண்டு. அப்பாவிடம் சொன்னேன். "அப்ப எங்கட ஊர் முழுக்கப் பசுமைதான்" என்றார். அவருக்கும் அங்கேயே வேலை. வாச்சர். சாமான்களுக்குக் காவல்.

பதில் போடுங்கள். தலையில் துணி போடாமல் வெயிலுக்குள் போகாதீர்கள்.

அன்புத் தங்கை,
மேனுகா


டோகா,
செப்டம்பர் 21

தங்கச்சி மேனுவுக்கு,

சுகமாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல். அறையில் சமைக்கிற நிருஷன் உப்பை மட்டும் மறந்துபோகிறான்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். எங்கள் வீட்டில் இப்படி ஒரு ஆள் இருந்தது இத்தனை காலமும் எனக்குத் தெரியாது.

நீ ஏசி இல்லாத கட்டடம் கட்டுகிறாய். நான் ஏசி நின்றால் ஆட்கள் வெளியே ஓடிவருகிற கட்டடத்தில் குளிர்க்காற்றுக் குழாய் பூட்டுகிறேன். சுவர் முழுக்கக் கண்ணாடி. வெயிலை உள்ளே கூப்பிட்டுவிட்டு, அதை வெளியே துரத்த எங்களை வைத்திருக்கிறார்கள். இவர்களுக்கு உன்னைத் தெரியாதது என் நல்லகாலம். தெரிந்தால் என் வேலை போய்விடும்.

ஒரு பந்தயம். பங்குனி வெயிலில் உன் ஆட்களே வீட்டிலிருந்து மின்விசிறி தூக்கி வருவார்கள். வராவிட்டால் உனக்கு ஒரு பெட்டி சொக்லேட்.

அப்பா வாச்சரா? கவனம். சும்மா இருக்கத் தெரியாத மனுசன். வயல் வரம்பில் நண்டுப் பொத்தலைக் கண்டால் உடுத்த சாரத்தைக் கிழித்து அடைக்கிறவர்.

அம்மாவையும் அப்பாவையும் பார்த்துக்கொள்.

அண்ணா,
அனோஜன்


உடையார்கட்டு,
ஒக்டோபர் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, மழைக்குத்தான் குறைவு. உங்கள் நாட்டில் வெயில் தணிந்ததா?

சொக்லேட்டுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். கட்டடத்தின் நீளப் பக்கம் வடக்கையும் தெற்கையும் பார்க்கிறது. கூரை ஓரம் நன்றாக வெளியே நீண்டிருப்பதால் வெயில் சுவரைத் தொடுவதேயில்லை. காற்று கீழே நுழைந்து மேலே உள்ள துளைகளால் போகிறது. நேற்று மத்தியானம் உள்ளே நின்றேன். வெளியே கண் கூசியது. உள்ளே என் கொப்பியின் தாள் தானாகப் புரண்டது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. பக்கத்தில் மேசன்மார் நின்றார்கள்.

கழிப்பறையில் இரண்டு பொத்தான்கள். சின்னது கொஞ்சத் தண்ணீருக்கு, பெரியது கூடத் தண்ணீருக்கு. பால் கொண்டுவரும் அம்மாமார் இரண்டையும் சேர்த்து அமத்துகிறார்கள். "ரெண்டும் வைச்சிருக்கிறதெண்டால் ரெண்டையும் அமத்தத்தானே வேணும், பிள்ளை?" மூன்று நாளாக வாசலில் நின்று விளங்கப்படுத்துகிறேன். வெட்கத்தில் செத்தேன்.

இனிப் பெரிய விசயம். கூரையின் மழைநீர் முழுவதும் நிலத்துக்கடியில் உள்ள தாங்கிக்குப் போகும். பால் கேன் கழுவ அந்தத் தண்ணீர்தான். முல்லைத்தீவுச் சப்ராஸ்தான் குழாய் வேலை. ஒரு மூட்டுக்கூடக் கசியாது. ஆனால் முதல் மழை கூரையிலுள்ள தூசியையும் காக எச்சத்தையும் கழுவிக்கொண்டுதான் வரும். அதைத் தாங்கிக்குள் விடக்கூடாது. அதற்கு ஒரு வால்வு. திறந்திருந்தால் தண்ணீர் கழிவுநீர்க் கானுக்கு ஓடும். தெளிந்த பிறகு மூடினால் தாங்கிக்குப் போகும். மழை எந்த நேரம் வந்தாலும் அங்கே நிற்பவர் அப்பாதான். ஆகவே அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

"விடுறதோ? கானுக்கையோ?" என்று கேட்டார்.

"முதல் தண்ணியை மட்டுந்தான் அப்பா."

"ஓம் ஓம்" என்றார்.

வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். உங்கள் உடம்பைக் கவனியுங்கள்.

அன்புத் தங்கை,
மேனுகா


உடையார்கட்டு,
ஒக்டோபர் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமா என்று கேட்கவும் பொறுமையில்லை. மழை வந்துவிட்டது!

பின்னேரம் கிழக்கே கறுத்ததும் குடையை மறந்து சைக்கிளில் பறந்தேன். நான் போய்ச் சேர முன்பே கொட்டத் தொடங்கிவிட்டது. கூரைப் பீலி நிறைய ஓடுகிறது, ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. தாங்கிக்குள் விழுகிற சத்தத்தை நீங்கள் கேட்க வேண்டும், அண்ணா. சின்ன வயதில் குளம் நிரம்பி வான்பாயும்போது கேட்டோமே, அதுவேதான். சுதர்சினி அக்கா நனைந்தபடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தா. அப்பா தாங்கியின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு, பிள்ளைப் பெறுவீட்டில் நிற்பவர் போல நின்றார்.

வால்வின் பிடியில் ஏதோ துணி கட்டியிருந்தது. இருட்டிவிட்டதால் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த நாள் காணவில்லை.

நனைந்ததில் தடிமன் பிடித்திருக்கிறது. அம்மா மல்லித்தண்ணி தந்தா. நீங்கள் ஏன் பதில் போடவில்லை? சுகம்தானே?

அன்புத் தங்கை,
மேனுகா


டோகா,
நவம்பர் 16

தங்கச்சிக்கு,

குறை நினையாதே. இரவும் பகலும் வேலை, முடிந்து வந்து விழுந்தால் பிணம். மற்றபடி சுகம். இரண்டு கடிதமும் வாசித்தேன். மழைச் சத்தத்தை நிருஷனுக்கும் வாசித்துக் காட்டினேன். அவன் எழும்பி வெளியே போய்விட்டான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தத் துணி என்ன நிறம்?

தடிமன் மாறிவிட்டதா?

அண்ணா,
அனோஜன்


உடையார்கட்டு,
டிசம்பர் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

தடிமன் அப்போதே மாறிவிட்டது. அம்மாவுக்கு உங்கள் படம் வேண்டுமாம். மெலிந்து போயிருந்தால் அனுப்ப வேண்டாமாம்.

கூரையில் சூரியத் தகடுகள் பூட்டியாயிற்று! பாலைக் குளிராக்கும் இயந்திரம் பகலில் வெயிலிலேயே ஓடுகிறது. மீற்றரை நான் பார்க்கிறேன், சுதர்சினி அக்கா பார்க்கிறா, பால் கொண்டுவருகிற அம்மாமார்கூட வரிசையில் நின்று பார்க்கிறார்கள். "சூரியனுக்கும் சம்பளமோ?" என்று ஒருவர் கேட்டார்.

தை மாதம் கொழும்பிலிருந்து கௌசலா மிஸ் வருவா. புள்ளி போடுகிறவ அவதான். வந்து என்னைத்தான் கேட்பாவாம். கண்ணாடிக்கு முன்னால் நின்று பதில் சொல்லிப் பழகுகிறேன். அம்மா குசினியிலிருந்து "ஆரோட கதைக்கிறாய்?" என்று கேட்டா.

தாங்கி நிரம்பி வழிகிறது. அப்பாவும் சுகம்.

அன்புத் தங்கை,
மேனுகா


உடையார்கட்டு,
2025 ஜனவரி 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

பொங்கல் நல்லபடி நடந்தது. உங்கள் பெயரிலும் ஒரு பங்கு வைத்தோம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

கௌசலா மிஸ் வந்து போனா. காற்று, வெளிச்சம், மின்சாரம் எல்லாவற்றுக்கும் முழுப் புள்ளி. "ஏசி எங்கே?" என்று கேட்டு, தானே சிரித்தா. அவ கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொன்னேன்.

தண்ணீரில் விழுந்துவிட்டோம், அண்ணா. தாங்கித் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினோம். கிருமி. அடியில் கரும்சேறு. பால் கேன் கழுவ முடியாத தண்ணீர் என்றால் அந்தப் பகுதிக்குப் புள்ளியே இல்லை. தங்கமும் இல்லை, பளையும் இல்லை.

எங்கள் பொறியியலாளர் ஜனார்த்தனன் சேர், முதல் மழைக் குழாயைச் சப்ராஸ் மாறிப் பூட்டிவிட்டார் என்கிறார். அதை முழுக்கக் கிண்டி எடுத்து சப்ராஸ் தன் செலவில் திரும்பப் போட வேண்டுமாம். இனி இந்தப் பக்கம் வேலையும் இல்லையாம். சப்ராஸ் வாசலில் நின்று, "சேர், நான் பூட்டினது சரி. தண்ணி விட்டுக் காட்டுறன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய மனைவி றிஸ்பா போன மாதம்தான் எங்களுக்கு வட்டிலப்பம் செய்து அனுப்பியிருந்தா.

நான் கூட்டத்தில் இருந்தேன். ஒன்றும் கதைக்கவில்லை. வரும் கிழமை இன்னொரு கூட்டம்.

நீங்கள் சுகம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

மேனுகா


டோகா,
ஜனவரி 19

மேனு,

சுகம்.

அந்தத் துணி நீலக் கட்டம் போட்ட சாரம்தானே. போன வருடம் நான்தான் அனுப்பினேன். நிறம் கேட்டு இரண்டு மாதமாகிறது. நீ சூரியனைப் பற்றி எழுதினாய், மீற்றரைப் பற்றி எழுதினாய், அப்பா சுகம் என்றும் எழுதினாய்.

மடை ஒழுகினாலும் அப்பா அப்படித்தான் கட்டுவார், உனக்குத் தெரியும். குளத்துத் தண்ணீர் எங்கள் வயலுக்கு முறை வைத்து வந்த காலத்தில் வாய்க்கால் ஓரத்திலேயே படுத்தவர். வந்த தண்ணீரைக் கானுக்கு விடு என்றால் அவருக்கு அது பாவம்.

சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வராது, வெட்கம்தான் வரும். அந்த வெட்கம்தான் உனக்கும் வந்திருக்கிறது. ஆனால் சப்ராஸ் ஒழுங்காக வேலை செய்த மனுசன், மேனு. வேலை செய்கிறவனுக்கு அவன் பூட்டிய மூட்டுத்தான் பெயர். நானும் குழாய் பூட்டுகிறவன்தான்.

இந்த முறை கண்ணாடியோடு கதைத்துப் பழகாதே. கூட்டத்தில் கதை.

அண்ணா


உடையார்கட்டு,
ஜனவரி 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். உண்மையிலேயே சுகம். இருந்து ஆறுதலாக வாசியுங்கள்.

கூட்டத்தன்று காலையில் அப்பாவிடம் போனேன். வாசல் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, முதல் மழைக்கு வால்வைத் திறந்து விட்டனீங்களோ?"

"ஓம் ஓம்."

"அப்பா."

கோப்பையைக் கீழே வைத்தார். "கானுக்கை விடச் சொன்னாய். கான் எங்க போகுது? றோட்டுக்கு. றோட்டுக்கு ஏன் பிள்ளை தண்ணி? அது என்ன நெல்லே விளைவிக்கப் போகுது?"

"கூரையில காகம் எச்சம் போட்டிருக்கும், அப்பா."

"எங்கட குளத்தில எருமையே படுக்குது. அந்தத் தண்ணியைக் குடிச்சுத்தானே நீ கம்பசுக்குப் போனனீ?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிறகு சப்ராஸின் கதையைச் சொன்னேன். அவருடைய முகம் மாறிவிட்டது.

"அந்தப் பொடியனையோ? நான் வால்வை மூடினதுக்கு அந்தப் பொடியனையோ பேசினவை?" சால்வையைத் தோளில் போட்டார். "நட, போவம்."

கூட்டத்தில் சுதர்சினி அக்கா, ஜனார்த்தனன் சேர், கணினித் திரையில் கௌசலா மிஸ். கதவடியில் சப்ராஸ். அப்பா உள்ளே வந்து எல்லோரையும் பார்த்தார், திரையைப் பார்த்தார், வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. நீங்கள் எழுதியது சரி, அண்ணா. அவருக்கும் எனக்கும் ஒரே வெட்கம்.

நான் எழும்பினேன். "சேர், பைப்பில பிழை இல்லை" என்றேன். ஒரு கதிரை வாய் திறந்தது போல எல்லோரும் திரும்பினார்கள்.

"வால்வை மூடிக் கட்டினது என்ர அப்பா. கட்டியிருந்த துணியை நான் கண்டனான். போன கூட்டத்தில சொல்லியிருக்க வேணும், சொல்லேல்லை. சப்ராஸ் அண்ணை செய்தது எல்லாம் சரி."

 சுதர்சினி அக்காதான் அப்பாவைப் பார்த்துத் தொடங்கினா. "இளையதம்பி அண்ணை, சாமான் களவு போகாமல் பாருங்கோ எண்டுதானே உங்களை வைச்சது? நீங்கள் மழையைக்கூடக் களவு போக விடேல்லையே!" சப்ராஸ்தான் முதலில் சிரித்தார். திரையில் கௌசலா மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா.

எனக்கு வாய் திறந்துவிட்டதால் மூட முடியவில்லை. "மிஸ், இது ஆர் நிண்டாலும் நடக்கும். இஞ்ச ஒருத்தருக்கும் தண்ணியைக் கானுக்கை விட மனம் வராது. அப்பிடி வரைஞ்சது என்ர பிழை. அந்தக் குழாயைக் கானுக்கு விடாமல் பின்வளவில ஒரு கிடங்கு வெட்டி அதுக்கு விடுவம். சுத்திவர வாழை நடுவம். காக எச்சம் வாழைக்குப் பசளை. அப்ப ஆரும் பூட்டமாட்டினம்."

"நல்லது. மாத்துங்கோ" என்றா மிஸ். "தாங்கியைக் கழுவி, அடுத்த மழைத் தண்ணியைச் சோதிச்சு அனுப்புங்கோ. சித்திரை முடியமுதல் வரவேணும். அதுக்குப் பிறகு என்னால ஒண்டும் செய்யேலாது."

ஜனார்த்தனன் சேர் சப்ராஸிடம் போய்க் கையைப் பிடித்தார். அப்பாவின் வேலைக்கும் பழுதில்லை. ஆனால் பொங்கலோடு மழை விட்டுவிட்டது, அண்ணா. இனிச் சித்திரை மழைதான். வந்தால் தங்கம். வராவிட்டால் ஒன்றுமில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தேன். ஓட வேண்டும் போல இருந்தது.

அன்புத் தங்கை,
மேனுகா


டோகா,
மார்ச் 9

தங்கச்சிக்கு,

நானும் நிருஷனும் சுகம். உன் கடிதத்தை அறையில் உரத்து வாசித்தேன். "மழையைக்கூடக் களவு போக விடேல்லை" என்பதை நிருஷன் இப்போது எல்லோருக்கும் சொல்லித் திரிகிறான்.

போனில் முல்லைத்தீவு வானிலையைப் போட்டு வைத்திருக்கிறேன். காலையில் எழும்பியதும் அதைத்தான் பார்க்கிறேன். சூரியன் படம்தான் வருகிறது. முப்பது மாடிக் கட்டடத்தில் நின்று உடையார்கட்டுக்கு மழை கேட்கிறவன் நான் ஒருவன்தான்.

மின்விசிறி யாராவது தூக்கி வந்தார்களா? உண்மையைச் சொல்.

இன்னொன்று. வைகாசியில் எங்கள் கிணற்றில் குளிக்கத் தண்ணீர் இருக்குமா? சும்மாதான் கேட்கிறேன்.

அம்மாவுக்குப் படம் அனுப்பியிருக்கிறேன். மெலியவில்லை.

அண்ணா,
அனோஜன்


உடையார்கட்டு,
ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம், வாழைகள் சுகம், தாங்கி சுகம்! உங்கள் படத்தை அம்மா சுவாமித்தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறா. மெலிந்துதான் இருக்கிறீர்களாம்.

பங்குனி முழுக்க ஒரு மேகமும் இல்லை. வருசப் பிறப்பும் போய்விட்டது. சுதர்சினி அக்கா அம்மனுக்கு நேர்த்தி வைத்தா, சப்ராஸ் பள்ளிவாசலில் துஆ கேட்டார். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல் கிணற்றிலிருந்து வாளியில் அள்ளி வாழைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

போன வியாழன் பின்னேரம் இடி. நான் ஓடினேன். சப்ராஸ் வேறு வேலையில் நின்றவர், மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். அப்பா அந்த நேரமே வால்வடியில் நின்றார். மழை விழுந்தது. தேத்தண்ணி நிறத்தில் தூசியும் சருகுமாகக் கிடங்குக்குள் ஓடி, வாழையடிக்குப் பரவியது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் தெளிந்தது. கண்ணாடி போல வந்தது. அப்பா அசையவில்லை.

"காணும் ஐயா, தெளிஞ்சிட்டுது! பூட்டுங்கோ!" சப்ராஸ் கத்தினார்.

"பொறு தம்பி. கடைசி வாழைக்கு இன்னும் போகேல்லை."

"ஐயா! தங்கம் ஓடுது!"

"பொறடாப்பா!"

நான் சிரித்ததில் மழைத்தண்ணீர் வாய்க்குள் போய்ப் புரைக்கேறிவிட்டது. கடைசி வாழை நனைந்த பிறகுதான் பூட்டினார். தாங்கி பாதிக்குமேல் நிறைந்தது. அடுத்த நாள் சோதனைக்கு அனுப்பினோம்.

இன்று காலை முடிவு வந்தது. தண்ணீர் சுத்தம். அதைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு உட்கார முன்னமே கௌசலா மிஸ் போன் எடுத்தா. தங்கம், அண்ணா! நாங்கள் தங்கம்! நான் போனில் ஓம், இல்லை, ம் என்று சொல்லவில்லை. அழகாக நன்றி சொன்னேன். சுதர்சினி அக்கா சாட்சி. பளைக்கு வருகிற மாதம் காணி பார்க்கப் போகிறேன். குழாய் வேலைக்கு ஆள் யார் என்று ஜனார்த்தனன் சேர் கேட்டார். "சப்ராஸ் அண்ணை" என்றேன், ஒரு தரத்திலேயே.

ஒருவரும் மின்விசிறி கொண்டுவரவில்லை. பந்தயத்தை மறக்க வேண்டாம்.

மழை விட்டதும் அடுத்த முதல் மழைக்காக வால்வைத் திறந்து வைத்தோம். அடுத்த நாள் மாலையில் போய்ப் பார்க்கிறேன், பிடியில் ஒரு துண்டு நீலக் கட்டத் துணி. யாரும் தெரியாமல் மூடிவிடக்கூடாதாம், அப்பா திறந்தபடியே இறுக்கிக் கட்டியிருக்கிறார். அந்தச் சாரத்தில் இனி உடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

கிணற்றில் வைகாசிக்கும் தண்ணீர் இருக்கும். ஏன் கேட்டீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அம்மா உங்கள் அறையைக் கூட்டி, தலையணை உறை மாற்றிவிட்டா. அப்பா அறை யன்னலை நாள் முழுக்கத் திறந்து வைக்கிறார். ஏசிக்குப் பழகிய பிள்ளையாம்.

சுகமாக வந்து சேருங்கள். சொக்லேட்டோடு சாரமும் வாங்கி வாருங்கள். இரண்டு. ஒன்று அப்பாவுக்கு, மற்றது வால்வுக்கு.

அன்புத் தங்கை,
மேனுகா